மஞ்சள் தீர்த்தத்தில் மூன்று முழுக்கு

கல்லுக்குழிக்குப் போவதென்றால் வீரபத்திரன் உச்சி வேளையில்தான் போவார். வெயில் மண்டையைப் பிளக்கும் அந்த நேரத்தில் ஆடு மேய்க்கிறவன்கூட மர நிழலை விட்டு நகரமாட்டான். அம்மையார்குப்பத்திலிருந்து திருத்தணிக்குப் போகும் வழியில், சாலையை விட்டு மண் பாதையில் இறங்கினால் குழி வரும். ஜல்லிக்காகப் பாறையை உடைத்து, போதுமென்று விட்டுவிட்டுப் போன பள்ளம். மூன்று பக்கம் செங்குத்தான கல், ஒரு பக்கம் மட்டும் அந்தக் காலத்தில் லாரி இறங்கிய சரிவு. அதில் பத்து வருஷத்து மழைத்தண்ணீர் நின்றது. வெறும் மழைத்தண்ணீரா? கக்கூஸ் தொட்டி உறிஞ்சும் லாரி அங்கேதான் வயிற்றைக் காலி செய்தது. கறிக்கடைக்காரர்கள் இறகையும் குடலையும் மூட்டை கட்டி அங்கேதான் வீசினார்கள். வீரபத்திரன் தன் சாயப்பட்டறைத் தண்ணீரை அங்கேதான் கொட்டினார்.

அந்தச் சித்திரை மாதத்து மத்தியானமும் வழக்கம்போலத்தான் வந்து சேர்ந்தார். லோடு ஆட்டோவைச் சிங்காரம் ஓட்டிவந்தான். இருபது வருஷமாகப் பட்டறையில் நூல் முக்கி முக்கி, நகக்கண்ணில் எல்லா நிறமும் ஏறிப்போன ஆள். பின்னால் நாலு பேரலில் நீலச் சாயத் தண்ணீர் தளும்பியது. அந்த மாதம் நீல லுங்கிக்குத்தான் ஆர்டர். பட்டறையில் எந்த நிறம் ஓடுகிறதோ அந்த நிறம்தான் குழியிலும் நிற்கும்.

சரிவில் இறங்கும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. நாலைந்து பைக்குகள் நின்றன. மெட்ராஸ் பையன்கள். எவனோ செல்போனில் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, மலையடிவாரத்தில் இப்படியொரு நீலத் தண்ணீரா என்று அவ்வளவு தூரம் வெயிலில் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

வீரபத்திரனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. படித்த பிள்ளைகள். தண்ணீருக்கு ஏன் இந்த நிறம் என்று ஒரு முண்டத்துக்காவது கேட்கத் தோன்றுகிறதா? மிதக்கிற கோழி இறகைக் கையால் ஒதுக்கிவிட்டுக் குதிக்கிறான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிப் படம் பிடிக்கிறான். ஊரான் பீயில் நீந்திவிட்டு அதைச் சொர்க்கம் என்று உலகத்துக்குச் சொல்கிறான். இவனுங்களுக்கெல்லாம் பட்டம் ஒரு கேடு என்று சிங்காரத்திடம் சொன்னார். சிங்காரம் பீடியைப் பற்றவைத்தான்.

அவர்களில் ஒருவன் இன்னும் தண்ணீரில் இறங்கவில்லை. ஒல்லியாக, கழுத்தில் செல்போன் பையை மாட்டிக்கொண்டு கரையில் யோசித்துக்கொண்டு நின்றான். வண்டியில் இருந்த பேரல்களைப் பார்த்தான். வீரபத்திரனைப் பார்த்தான். பிறகு கிட்டே வந்து மரியாதையாகக் கேட்டான்.

"அங்கிள், தண்ணி நல்லா இருக்குமா?"

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்பான். ஏன் என்றால் பேரலைப் பற்றிப் பேச வேண்டும். அதையெல்லாம் விடப் பெரிய காரணம், இந்த மாதிரி மூஞ்சிகளுக்கு உண்மை சொல்வதே தண்டம் என்று வீரபத்திரன் நினைத்ததுதான்.

"மூலிகைத் தண்ணி நைனா. நல்லா முழுகு," என்றார்.

பையன் சிரித்தான். மேல் பாறைக்கு ஏறினான். மூக்கைப் பிடிக்காமல் அப்படியே குதித்தான். கொஞ்ச நேரம் கழித்து நடுக்குழியில் தலை தெரிந்தது. மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது போலிருக்கிறது. மாடு தொட்டியில் மூக்கை முக்கிவிட்டுச் சீறுமே, அப்படிச் சீறினான்.

புர்ர்ர்.

பாறை மூன்று பக்கமும் அந்தச் சத்தத்தைத் திருப்பி அனுப்பியது. வீரபத்திரனுக்கு அதுவும் வேடிக்கையாகத்தான் இருந்தது. பையன்கள் கிளம்பிப் போனதும் நாலு பேரலையும் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய், மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்.

பன்னிரண்டு நாள் கழித்துச் சுகாதார ஆய்வாளர் தேவகி பட்டறைக்கு வந்தார். குழிக்குப் பக்கத்தில் ஆள் நடமாட்டம் இருக்கிற இடம் அது ஒன்றுதான் என்பதால் விசாரிக்க வந்திருந்தார். அந்தக் குழியில் குளித்துவிட்டுப் போன அருண்பாண்டியன் என்ற கல்லூரிப் பையன் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் இறந்துபோனானாம். மூளைக்காய்ச்சல். சூடேறித் தேங்கி நிற்கும் அழுக்குத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜந்து இருக்கிறது, அமீபா என்று பெயர், தண்ணீர் மூக்கில் ஏறினால் அதுவும் ஏறி நேராக மூளைக்குப் போய்விடும் என்றார். வாயில் போனால்கூடத் தப்பிக்கலாம், மூக்கில் போனால் பிழைப்பது துர்லபம். அது போக, இந்தக் குழியில் எலி மூத்திரத்திலிருந்து வருகிற காய்ச்சல், சொறி, காமாலை எல்லாம் வரிசையாக நிற்கிறது என்றார்.

"மொதல்ல அந்தப் பையனுக்கு வாசனைதான் மாறிச்சாம்," என்றார் தேவகி. "தட்டுல சோத்தை வெச்சா, இதுல இன்னாம்மா சாய வாசனை அடிக்குதுன்னு கேட்டானாம். அவங்க அம்மா சொல்லி அழுவுறாங்க. அப்புறம் தலைவலி, காய்ச்சல். அஞ்சாம் நாள் யாரையும் அடையாளம் தெரியல. ஏங்க, அந்தப் பக்கம் நீங்க போறது உண்டா?"

"இல்லிங்க மேடம். நமக்கு அங்க இன்னா வேலை?" என்றார் வீரபத்திரன்.

தேவகி தன் செல் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். குழிக்கரையில் தகரப் பலகை ஒன்று நட்டார்கள். 'இந்தத் தண்ணீரில் இறங்காதீர்கள். உயிருக்கு ஆபத்து.' சிவப்பு எழுத்து.

அன்றைக்கு வீரபத்திரன் மனசுக்குள் ஓடியதைச் சொன்னால் காறித் துப்பத் தோன்றும். அவருக்கு நிம்மதியாக இருந்தது. கொன்றது சாயம் இல்லை, ஏதோ பூச்சி. பூச்சி கக்கூஸ் லாரிக்காரன் கணக்கில் வரும், வெயில் கணக்கில் வரும், தம் கணக்கில் வராது. இப்படி ஒரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டு அவர் தூங்கினார். நாலு நாள் கழித்துச் சாயத் தொட்டிக்கு மூடி தேவைப்பட்டது. குழிக்கரைப் பலகையைப் பிடுங்கிவந்து, எழுத்து உள்பக்கம் இருக்கும்படித் தொட்டியின் மேல் போட்டார்.

ஆனி பிறந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவர்கள் கட்டுகிற மஞ்சள் வேட்டிக்கும் மஞ்சள் புடவைக்கும் அந்த மாதம்தான் நூல் போடுவார்கள். பட்டறை முழுக்க மஞ்சள். தொட்டி மஞ்சள், தரை மஞ்சள், சிங்காரத்தின் முழங்கை வரை மஞ்சள். மஞ்சள் பேரல்களோடு இரண்டு பேரும் உச்சி வேளையில் குழிக்குப் போனார்கள்.

ஒரு குருவிச் சத்தம் இல்லை. சாயத்தின் காரம், அழுகிய குடல், சூடான பாறை, மூன்றும் கலந்த வாசனை தொண்டையை அடைத்தது. முதல் பேரலைச் சரித்தபோது எதிர்ப்பக்கப் பாறைக்குக் கீழே அந்தச் சத்தம் கேட்டது.

புர்ர்ர்.

சிங்காரம் பேரலை விட்டுவிட்டு நிமிர்ந்தான். தண்ணீரில் யாரும் இல்லை.

"எருமை எதுனா எறங்கியிருக்கும்," என்றார் வீரபத்திரன். எருமை இறங்கினால் தெரியாத அளவுக்கு அது பெரிய குழி இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

சிங்காரம் கையை நீட்டினான். தண்ணீரிலிருந்து சரிவில் ஏறி வந்திருந்த ஈரக் காலடிகள். வெறுங்கால் வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும் கல் அது. ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாலும் எண்ணி முடிப்பதற்குள் காய்ந்துவிடும். அந்தக் காலடிகள் காயவில்லை. வண்டிக்கு இரண்டு முழம் முன்னால் வந்து நின்றிருந்தன, விரல்கள் இவர்களைப் பார்த்தபடி.

திரும்பிப் போன காலடி ஒன்றும் இல்லை.

வண்டியில் வரும்போது சிங்காரம் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினான். "அந்தப் பையன் கேட்டப்ப சொல்லியிருக்கலாம் மொதலாளி." வீரபத்திரன் அவனைக் கோழை என்றார், குடிகாரன் என்றார், இன்னும் என்னென்னவோ சொன்னார். இருபது வருஷ வேலைக்காரனைத் திட்ட அவருக்கு வார்த்தை பஞ்சமே வந்ததில்லை.

மறுநாள் காலையில் கொடியில் காயப்போட்ட நூல் சிட்டங்களைக் கற்றை கற்றையாகச் சிங்காரம் எடுத்துக்கொண்டிருந்தான். அப்படியே நின்றுவிட்டான். வீரபத்திரன் போய்ப் பார்த்தார். பளிச்சென்ற மஞ்சள் நூல் சிட்டத்தின் மேல் ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரல், உள்ளங்கை, எல்லாம் தெளிவாக. பச்சை நிறத்தில்.

பட்டறையில் பச்சைச் சாயம் போட்டு ஒரு வருஷம் ஆகிறது. ஆனால் சாயக்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மஞ்சள் மேல் நீலம் பட்டால் பச்சை. சித்திரை மாதத்து நீலத்தில் நனைந்த ஒரு கை, ஆனி மாதத்து மஞ்சளைத் தொட்டுப் பார்த்திருக்கிறது.

சிங்காரம் சிட்டத்தை மெதுவாகக் கீழே வைத்தான். கைகால் கழுவினான். போகும்போது சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அதற்கப்புறம் அவன் அந்தப் பட்டறைப் பக்கமே வரவில்லை.

வீரபத்திரன் அந்தச் சிட்டத்தை அடுப்பில் போட்டுக் கொளுத்தினார். வேலைக்கு வேறு ஆள் வைத்துக்கொண்டார், பேரல்களைத் தானே ஓட்டிப் போய்க் கொட்டினார். வண்டியை விட்டு இறங்காமல், கண்ணை முழுசாகத் திறக்காமல், வாய்க்குள் முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டே கொட்டினார். அந்த மாதிரி பக்திக்கு என்ன மதிப்போ அந்த மதிப்புத்தான் அதற்கும்.

ஆடி பிறப்பதற்குள் குழி முழுக்க மஞ்சள் ஏறிவிட்டது. முதலில் பார்த்தவர் யாரென்று தெரியாது. கிருத்திகை வருகிற நேரம், மலை தெரிகிற இடம், பாறைக்கு நடுவில் பளபளவென்று மஞ்சள் தண்ணீர். போதாதா? முருகன் மஞ்சள் கரைத்து வைத்திருக்கிறான் என்று ஒருத்தி சொன்னாள். ஒரு வாரத்தில் சரிவின் மேல் வேல் நட்டார்கள். பிறகு சூடம், எலுமிச்சம்பழம், உண்டியல், தட்டிப் பந்தல். மஞ்சள் தீர்த்தம் என்று பேர் வைத்தாயிற்று. ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ் ஏறி வந்து முழுகினார்கள். தீராத அரிப்புத் தீர்ந்தது என்றான் ஒருவன். அவனுக்கு அரிப்பு ஆரம்பித்ததே அங்கே முழுகின பிறகுதான். காலி பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் வீட்டு மூலையெல்லாம் தெளித்தார்கள்.

நடந்த விஷயத்தை மறந்து வீரபத்திரன் பத்து நாள் சிரித்தார். என் தொட்டியை அலம்பின தண்ணீரை இவர்கள் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள் என்று பட்டறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தார். மெட்ராஸ்காரன் முட்டாள் என்றால் இவர்கள் அடிமுட்டாள்கள். நீலமாக இருந்தால் கடல், மஞ்சளாக இருந்தால் கடவுள். நாளைக்குச் சிவப்புச் சாயம் ஊற்றினால் ரத்தம் என்று சொல்லிக் கிடா வெட்டுவார்கள். இந்த ஜனத்துக்கு நல்லது சொல்லி என்ன ஆகப்போகிறது?

பதினோராம் நாள் சாப்பாடு போடும்போது அவர் மனைவி வரலட்சுமி சொன்னாள். இந்த வருஷம் புவனா காவடி எடுக்கும் முன் முழுகுவது மஞ்சள் தீர்த்தத்தில்தானாம்.

வீரபத்திரன் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார்.

புவனா அவர்களுடைய ஒரே பெண். பத்து வயதில் டைபாய்டில் படுத்து, பிழைப்பாளா என்று கிடந்தபோது பன்னிரண்டு வருஷம் காவடி எடுப்பதாக வரலட்சுமி வேண்டிக்கொண்டாள். இது பன்னிரண்டாவது வருஷம், நேர்த்திக்கடன் முடிகிற வருஷம். வீரபத்திரன் இந்த உலகத்தில் இளக்காரமாகப் பார்க்காத ஒரே ஆள் அந்தப் பெண்தான். அவள் பேசினால் மட்டும் முழுசாகக் கேட்பார்.

வீட்டிலேயே குளித்துவிட்டுப் போகலாமே என்று சொல்லிப் பார்த்தார்.

"ஊரே அங்க முழுகிக்கினு கீது. நம்ம பொண்ணு மட்டும் பைப்புத் தண்ணில குளிச்சிட்டுக் காவடி தூக்கணுமா?" என்றாள் வரலட்சுமி. "உங்களுக்கு எதுலதான் நம்பிக்கை கீது?"

அவருக்கு அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதில் நம்பிக்கை இருந்தது. சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை. சாயம் என்று சொன்னால் நாளைக்குப் பட்டறைக் கதவில் சீல் தொங்கும். முழுகின ஜனம் மொத்தமும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வரும். அதைவிட, ஒரு பையன் வந்து கேட்டான், நான் முழுகு என்று சொன்னேன் என்பதைப் பெண்ணின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கோழைகளுக்கு எப்போதும் ஒரு வழி அகப்பட்டுவிடும். கிருத்திகைக்கு முந்தின நாள் தொட்டியின் மேலிருந்த தகரப் பலகையை எடுத்துக் கழுவினார். எழுத்து வெளுத்திருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. அதைக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் நட்டுவிட்டால் போதும். இவர் ஒரு வார்த்தை பேச வேண்டாம், பலகை பேசிக்கொள்ளும்.

உச்சி வேளை. காலையில் முழுகியவர்கள் போய்விட்டார்கள், சாயந்திரம் வருகிறவர்கள் இன்னும் வரவில்லை. சாமந்திப் பூவும் கோழி இறகும் ஒன்றாக மிதந்தன. வெயிலில் தண்ணீர் மேல் ஆவி நெளிந்தது. தூரத்தில் மலைமேல் ஒலிபெருக்கி ஏதோ பாடியது, காற்று மாறியதும் அதுவும் நின்றது.

பலகையின் காலைப் பள்ளத்தில் நிறுத்தி, கல்லால் தட்டினார். தட்டிய சத்தம் மூன்று பக்கமும் பட்டுத் திரும்பியது. மறுபடி தட்டினார். திரும்பி வந்த சத்தத்தில் வேறு ஒன்றும் சேர்ந்து வந்தது.

புர்ர்ர்.

கை நின்றது.

தண்ணீரின் நடுவில் வட்டம் வட்டமாக அலை கிளம்பியது. யாரும் கல் எறியவில்லை.

சரிவில், தண்ணீரை ஒட்டின கல்லின் மேல், ஒரு காலடி ஈரமாகத் தெரிந்தது.

அதற்கு முன்னால் இன்னொன்று.

இன்னொன்று.

வீரபத்திரன் ஓட நினைத்தார். பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி நின்றார். குழியின் நாற்றத்தைத் தள்ளிக்கொண்டு வேறு வாசனை வந்தது. சின்னப் பையன்கள் அடித்துக்கொள்கிற சென்ட்டு வாசனை. அதற்கு அடியில் ஆஸ்பத்திரி பினாயில் வாசனை. இவ்வளவு வெயிலில் அவருடைய இடது காது மட்டும் சில்லென்று குளிர்ந்தது.

"அங்கிள்," என்றது குரல். அதே மரியாதை. "தண்ணி நல்லா இருக்குமா?"

பதில் அவர் கையிலேயே இருந்தது, சிவப்பு எழுத்தில். அதைப் படித்தால் போதும். நன்றாக இல்லை தம்பி, இறங்காதே, நான் பொய் சொல்லிவிட்டேன் என்று சொன்னால் போதும். அந்த ஒரு நிமிஷம் அவருக்காகக் காத்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"எனக்கின்னாபா தெரியும்," என்றார் வீரபத்திரன். "நான் சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

கையிலிருந்த பலகையை யாரோ வாங்கினார்கள். பிடுங்கவில்லை; படித்துப் பார்க்க வாங்குவது போல மெதுவாக வாங்கினார்கள். பலகை சரிவில் தானாக இறங்கி, மஞ்சள் தண்ணீருக்குள் முழுகி மறைந்தது.

பிறகு எப்படி வண்டியை எடுத்தார், எப்படி வீட்டுக்கு வந்தார் என்பது அவருக்கே தெரியாது. இரவு முழுக்க விழித்திருந்தார். தேவகி கொடுத்த தாளைத் தேடி எடுத்து, நம்பரைச் செல்லில் போட்டு, அடிக்காமலே அழித்தார். விடியும் வரை அந்த வேலையையே செய்தார்.

கிருத்திகை விடிந்தது. அரோகரா அரோகரா என்று சாலை முழுக்க மஞ்சள் நடந்தது. அந்த மஞ்சளில் பாதி அவர் தொட்டியில் நனைந்தது. குழிக்கரையில் இருநூறு பேருக்குக் குறையாது. புஷ்பக் காவடியை ஒரு பக்கம் சாய்த்து வைத்துவிட்டு, புவனா மஞ்சள் புடவையில், கூந்தலை அவிழ்த்துவிட்டுத் தண்ணீரோரம் போய் நின்றாள். கால் வைக்கப் போனவள் வைக்கவில்லை. கரையோரம் ஒதுங்கிக் கிடந்த இறகையும் குடலையும் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். அந்தக் கூட்டத்திலேயே அதைச் செய்த ஒரே ஆள் அவள்தான். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நைனா, தண்ணி நல்லா இருக்குமா?"

சுற்றி இருநூறு பேர். பக்கத்தில் வரலட்சுமி. அவர் இடது காது மறுபடியும் குளிர்ந்தது.

வீரபத்திரன் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். "நல்லாத்தான் இருக்கும்மா," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூக்கை மட்டும் இறுக்கிப் பிடிச்சிக்கினு முழுகு."

புவனா சிரித்துவிட்டாள். "கையைக் கூப்பிக்கினுதான நைனா முழுகணும்? மூக்கைப் பிடிச்சிக்கினா யாராவது சாமி கும்பிடுவாங்க?"

இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினாள். இடுப்பளவு தண்ணீர் வரை இறங்கினாள். ஒரு முழுக்கு. கரையில் அரோகரா என்றார்கள். இரண்டாவது முழுக்கு. அரோகரா. மூன்றாவது முழுக்கில் அவள் உடனே எழுந்திருக்கவில்லை.

கூப்பிய கை மட்டும் வெளியே தெரிந்தது.

கூட்டம் பரவசத்தில் இன்னும் பலமாகக் கத்தியது. வீரபத்திரன் கத்தவில்லை. கூப்பிய விரல்கள் ஒன்றையொன்று இறுக்குவதைப் பார்த்தார். அவர் தண்ணீருக்குள் ஓடி இறங்கியிருக்கலாம். முழங்கால் தொடுகிற ஆழம்வரைதான் போனார். அதற்கு மேல் போகவில்லை, மூக்கில் தண்ணீர் ஏறிவிடுமே.

புவனா எழுந்தாள். முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்துவிட்டு, தலையை உதறி, மூக்கால் சீறினாள்.

புர்ர்ர்.

பாறை மூன்று பக்கமும் அதைத் திருப்பிச் சொன்னது. வரலட்சுமி சிரித்துக்கொண்டே துண்டை நீட்டினாள். பெண் கரையேறும்போது வீரபத்திரன் அவள் தோளைப் பார்த்தார். மஞ்சள் புடவையின் மேல், வலது தோளில், அழுத்திப் பிடித்தது போல ஒரு கை பதிந்திருந்தது. பச்சை நிறத்தில்.

வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவளுக்குக் காவடியைத் தூக்கிக் கொடுத்தார்கள். அத்தனை தூரமும் நடந்து, முன்னூற்று அறுபத்தைந்து படியும் ஏறி, காவடியைச் செலுத்திவிட்டு நல்லபடியாகத்தான் வந்தாள். வீரபத்திரன் மூன்று நாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. கிருத்திகையோடு குழிக்கு வருகிற கூட்டமும் குறைந்தது. நாலாம் நாள் காலையில் அவருக்குப் பசிகூட எடுத்தது.

அன்றைக்கு மத்தியானம் தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே புவனா சாப்பிட உட்கார்ந்தாள். வெயிலில் காவடி தூக்கியது என்றாள் வரலட்சுமி. சோறு போட்டு, சாம்பார் ஊற்றினாள். புவனா ஒரு கவளம் பிசைந்து வாய்வரை கொண்டுபோய், கையை இறக்கினாள்.

"இந்தச் சோத்துல இன்னாம்மா சாய வாசனை அடிக்குது?"

வரலட்சுமி தட்டை எடுத்து முகர்ந்தாள். சோற்று வாசனைதான் வந்தது. வீரபத்திரனும் வாங்கி முகர்ந்தார். முப்பது வருஷம் சாயத்திலேயே இருக்கிற மூக்கு. அதில் சோற்று வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை.

தட்டு கையிலிருந்து நழுவியது. எழுந்தார். வண்டிச் சாவியைத் தேடினார். கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தார். தலைவலிக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று வரலட்சுமி திகைத்தாள். "இன்னா ஆச்சு சொல்லுங்க, எங்களுக்கும் தெரியட்டும்," என்றாள்.

சொல்லிவிடலாம் என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. பையனை, பேரலை, பலகையை, எல்லாவற்றையும். டாக்டரிடம் சொல்வதற்கு முன்னால் இவர்களிடம் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார். முதல் வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

புவனா தலையைக் குனிந்து, மூக்கால் ஒருமுறை சீறினாள். பிறகு முகத்தை நிமிர்த்தினாள். தன் கையைப் பிடித்திருந்தவரை, வழியில் பார்த்த யாரோ ஒருவரைப் போல, மரியாதையாகப் பார்த்தாள்.

"அங்கிள்," என்றாள். "தண்ணி நல்லா இருக்குமா?"